அப்பா அம்மா வேலூருக்கு வருகிறார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடியில் எங்கள் தெருவில் யாராவது "வேலூருக்குப் போறேன்" என்று சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடும். "யாருக்கு என்ன?" என்பதுதான் அடுத்த கேள்வி. வேலூர் என்றால் சி.எம்.சி. ஆஸ்பத்திரி, அதை விட்டால் ஜெயில். மூன்றாவதாக ஒரு காரணத்துக்கு அந்த ஊருக்குப் போகலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. ஒரு வருடம் தன்னார்வலராக நான் இங்கே வந்தபோது, "பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போயிருக்கா" என்று அக்கம்பக்கத்தில் விளக்கி விளக்கிச் சலித்துப்போன அம்மா, கடைசியில் "படிக்கப் போயிருக்கா" என்று முடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள்.

குடியாத்தம் பக்கத்து மாலை நேரப் படிப்பு மையங்களில் வேலை செய்ய வருடா வருடம் வெளியூரிலிருந்து புதியவர்கள் வருகிறார்கள். மூன்று மாதம் ஆனதும் எல்லோருக்கும் வீட்டிலிருந்து அதே போன் வரும்: "நாங்க ஒருதடவை வந்து பாத்துட்டுப் போறோம்." உடனே என்னிடம் வந்து கேட்பார்கள். என் அப்பா அம்மா இரண்டு தடவை வந்தார்கள். முதல் தடவை நன்றாகச் சொதப்பினேன், இரண்டாவது தடவை கொஞ்சம் தேறினேன். பதில்கள் அதிலிருந்து வந்தவை.

எந்த மாதம் வரச் சொல்வது? எத்தனை நாள்?

மார்கழி, தை. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் வரை கூப்பிடவே கூப்பிடாதீர்கள். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுவது இந்த ஊருக்குச் சாதாரணம். சுற்றிலும் பாறை மலை. பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி முழுக்கத் திருப்பிக் கொடுக்கும். தம்பிக்குப் பள்ளி லீவு என்று முதல் தடவை மே மாதம் வரச் சொன்னேன். கோட்டைக் கோயிலில் பகல் பதினோரு மணிக்குச் செருப்பை விட்டுவிட்டுக் கல் தளத்தில் கால் வைத்த அப்பா நடக்கவில்லை, துள்ளினார். மறுநாள் முழுக்க உள்ளங்காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு அறையிலேயே கிடந்தார்.

மூன்று நாள் சரியாக இருக்கும். ஐந்து நாள் என்றால் மூன்றாம் நாளே "உனக்கு வேலை இல்லையா?" என்று கேட்பார்கள், நான்காம் நாள் உங்கள் அலமாரியை அடுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

காட்பாடியில் இறங்குவதா, கன்டோன்மென்ட்டிலா?

சென்னை, பெங்களூரு பக்கமிருந்து வருகிற ரயில் என்றால் காட்பாடி ஜங்ஷன். அங்கிருந்து பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி ஊருக்குள் வரவேண்டும், ஆட்டோ கிடைக்கும். விழுப்புரம், திருவண்ணாமலை வழியாக வரும் ரயிலில் காட்பாடிக்கு முன்பே வேலூர் கன்டோன்மென்ட் வந்துவிடும். உங்கள் ரயில் அங்கே நிற்குமா என்று பார்த்து, நின்றால் அங்கேயே இறங்கச் சொல்லுங்கள்.

பஸ்ஸில் வருகிறார்கள் என்றால் ஒன்றை முதலிலேயே சொல்லிவையுங்கள்: இங்கே பஸ் ஸ்டாண்ட் இரண்டு. பழையது கோட்டை, சி.எம்.சி. பக்கம்; புதியது கிரீன் சர்க்கிள் பக்கம். "பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேம்ப்பா" என்று நான் ஒன்றிலும், "நாங்களும் பஸ் ஸ்டாண்டுலதான் நிக்கிறோம்" என்று அப்பா இன்னொன்றிலும் முக்கால் மணி நேரம் நின்றோம்.

ஊருக்குள் சுற்றுவதற்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸே போதும். 2021 மே மாதத்திலிருந்து அதில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அப்பா மட்டும் பர்ஸை எடுப்பதைப் பார்ப்பதில் அம்மாவுக்கு மூன்று நாளும் ஒரு தனி சந்தோஷம்.

எங்கே தங்க வைப்பது?

உங்கள் பகிர்வு அறையில் வேண்டாம். உடன் இருப்பவர்களுக்கும் சங்கடம், அம்மாவுக்கும் பாத்ரூம் வரிசை ஒத்துவராது. சி.எம்.சி.க்கு எதிரே காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கம் லாட்ஜ்கள் நெருக்கியடித்து இருக்கின்றன. நோயாளிகளோடு வருபவர்கள் வாரக்கணக்கில் தங்குவதால் பல இடங்களில் ஸ்டவ்வும் பாத்திரமும் வாடகைக்குத் தருவார்கள். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் அவ்வளவு பேர் வருவதால் கடைப் பலகைகளிலேயே வங்காள எழுத்தைப் பார்க்கலாம்.

முன்பணம் கட்டியாச்சு என்று நம்பியிருக்காதீர்கள். முதல் தடவை நான் போனில் சொல்லி வைத்திருந்த லாட்ஜில் அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். ராத்திரி பதினோரு மணி வரை மாடிப்படியில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தோம். "இதுதான் உன் ஊரா?" என்று தம்பி கேட்டான். முதல் நாள் மாலையே நேரில் போய் ரசீதைக் கையில் வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது தடவை தங்கிய இடத்தில் பக்கத்து அறையில் ஒரு வங்காள அம்மாள், மகன் சிகிச்சைக்காக இரண்டு மாதமாக இருந்தார். என் அம்மாவுக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. முதல் நாள் இரவு அம்மா கிண்ணத்தில் வத்தக்குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தாள். மறுநாள் அதே கிண்ணம் கடுகு அரைத்த மீன் குழம்போடு திரும்பி வந்தது. மூன்றாம் நாள் இருவரும் வராந்தாவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். வேலூரில் என்ன பார்த்தாய் என்று யார் கேட்டாலும் அம்மா முதலில் சொல்வது இந்தக் கதைதான், கோட்டை அப்புறம்தான்.

கோட்டையில் என்ன காட்டுவது?

அகழியிலிருந்து ஆரம்பியுங்கள். 16-ஆம் நூற்றாண்டில் விஜயநகரக் காலத்து நாயக்கர்கள் கட்டிய கருங்கல் கோட்டை, சுற்றிலும் தண்ணீர். "நம்ம ஹரித்ராநதி மாதிரி இருக்கு, ஆனா குளத்துக்கு நடுவுல கோயிலுக்குப் பதிலா ஒரு ஊரே இருக்கு" என்றாள் அம்மா, எங்கள் ஊர்த் தெப்பக்குளத்தை நினைத்துக்கொண்டு. சரியான வர்ணனைதான். உள்ளே கோயில், மசூதி, தேவாலயம் மூன்றும் இருக்கின்றன.

பெரியவர்களுக்குக் கதை வேண்டும், வெறும் சுவரைக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் உட்கார இடம் தேடுவார்கள். ஜலகண்டேஸ்வரர் கோயில் கதையைச் சொல்லுங்கள். போர், படை என்று கோட்டை கைமாறிக்கொண்டே இருந்ததில் கோயிலில் வழிபாடு நின்றுபோய், வெள்ளைக்காரர் காலத்தில் ஆயுதக் கிடங்காகவும் இருந்தது. இந்த ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். கடைசி வரியை மட்டும் 1981-ல் அழித்துவிட்டார்கள். அந்த வருடம்தான் லிங்கத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். உள்ளே நுழைந்ததும் இருக்கும் கல்யாண மண்டபத்தை அவசரப்படாமல் பார்க்கட்டும். யாளியும் குதிரையும் பாயும் தூண்கள். இந்த மண்டபத்தையே பெயர்த்துச் சீமைக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள், வந்த கப்பல் மூழ்கிவிட்டது என்று உள்ளூரில் சொல்வார்கள்.

அப்பாவுக்குப் பிடித்தது 1806. ஜூலை 10 விடியற்காலையில் வெள்ளைக்காரருக்கு எதிராகச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த இடம் இதுதான். நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, புது மாதிரித் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற உத்தரவுகள்தான் உடனடிக் காரணம். 1799-ல் திப்பு இறந்தபின் அவர் குடும்பத்தை இந்தக் கோட்டையில்தான் காவலில் வைத்திருந்தார்கள். அந்தக் கோபமும் சேர்ந்தது. ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி என்ற வெள்ளைக்கார அதிகாரி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கிவிட்டார். 1857-க்கு 51 வருடம் முந்தி. "நம்ம பாடப் புத்தகத்துல இது ரெண்டு வரியாத்தானே இருந்துச்சு?" என்று அப்பா பொறுமினார். மக்கான் சந்திப்பில் நினைவுத்தூண் இருக்கிறது, பஸ்ஸில் போகும்போதே காட்டிவிடலாம்.

கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் 1816 முதல் 1832-ல் சாகும்வரை இங்கேதான் கைதி. பாலாற்றங்கரையில் அவருக்கு முத்து மண்டபம் இருக்கிறது. போகிற வழியில் எட்டிப் பார்க்கலாம்.

கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கோயில் மதியம் நடை சாத்திவிடும். அதனால் மாலை நாலு மணிக்கு மேல் போங்கள், கால் சுடாது.

பாலாற்றைக் காட்ட வேண்டுமா? வெறும் மணல்தானே?

எங்களைப் போலக் காவிரிப் பக்கத்து ஆட்களாக இருந்தால் கட்டாயம் காட்டுங்கள். காட்பாடிப் பாலத்தில் பஸ் போனபோது அப்பா ஜன்னல் வழியே பார்த்துவிட்டு "ஆறு எங்க?" என்றார். "இதாம்ப்பா." "இதா? இது மைதானம்." மறுநாள் ஆற்றுக்குள் இறங்கி நடந்தோம். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, 348 கிலோமீட்டரில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டிலேயே ஓடுகிற ஆறு என்று நான் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அவர் காதில் வாங்கவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குதிகாலால் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தார். ஒரு சாண் ஆழத்தில் மணல் நிறம் மாறியது. குனிந்து ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பார்த்தார். உள்ளங்கை ஈரமானது. "ஓடுது. கீழ ஓடுது" என்று அம்மாவிடம் கையை நீட்டிக் காட்டினார். 2021 நவம்பரில் இதே ஆற்றில் கரை கொள்ளாமல் வெள்ளம் போனதைப் போனில் படமாகக் காட்டினேன். தோல் தொழிற்சாலைக் கழிவு என்ன செய்திருக்கிறது என்பதையும் சொன்னேன். திரும்பும் வழியெல்லாம் பேசவில்லை. விவசாயம் பார்த்தவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் அன்றைக்கு வேறு எந்த இடமும் எடுபடாது, அதற்குத் தகுந்தாற்போல் நேரம் ஒதுக்குங்கள்.

பொற்கோயிலுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்?

அரை நாள். ஸ்ரீபுரம், அரியூர் பக்கம் திருமலைக்கோடியில் இருக்கிறது, 2007-ல் திறந்தது. நட்சத்திர வடிவப் பாதையில் சுற்றிச் சுற்றித்தான் சன்னிதிக்குப் போகவேண்டும், நடை அதிகம். முட்டிவலி உள்ளவர்களுக்கு உட்கார்ந்து உட்கார்ந்து போகச் சொல்லுங்கள். போனை வெளியே வைத்துவிட வேண்டும். அப்படியானால் உள்ளே யாராவது பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். விளக்கு போட்டபின் பார்த்தால்தான் தங்கம் தங்கமாகத் தெரியும். அம்மாவுக்கு ரொம்பப் பிடித்தது. எனக்கு அந்தப் பாதையோரத்து மரங்கள் பிடிக்கும்.

"வந்ததே வந்தோம், சி.எம்.சி.யில ஒருதடவை காட்டிட்டுப் போயிடலாமா?" என்று கேட்டால்?

கேட்பார்கள். நூற்றுக்கு நூறு கேட்பார்கள். அப்பா தன் முட்டியை அதுவரை பையில் வைத்திருந்தவர் போல இரண்டாம் நாள் காலையில் வெளியே எடுத்தார்.

நேரடியாகச் சொல்லிவிடுங்கள்: முன்பதிவு வேண்டும், டாக்டரைப் பார்ப்பது, பரிசோதனை, மறுபடி பார்ப்பது என்று நாள் ஓடிவிடும். சுற்றிப் பார்க்க வந்த மூன்று நாளில் அதைச் சொருக முடியாது. உண்மையிலேயே தேவை என்றால் அதற்கென்று தனியாக ஒரு பயணம் வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் விஷயமே வேறு.

காட்டுவதற்குப் பதில் கதையைச் சொல்லலாம். சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1870-ல் பக்கத்து ராணிப்பேட்டையில் பிறந்தவர். திண்டிவனத்தில் அப்பா வீட்டில் இருந்தபோது ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து கதவைத் தட்டினார்கள். மூவர் மனைவிக்கும் பிரசவ வேதனை. ஆண் டாக்டரை விடமாட்டோம், நீ வா என்றார்கள். அவர் அப்போது டாக்டர் இல்லை. காலையில் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900-ல் வேலூரில் ஒரு கட்டிலோடு ஆரம்பித்தார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. எங்கள் பாட்டி தலைப்பிரசவத்தில் பட்ட பாட்டை அம்மா இந்தக் கதைக்கு அப்புறம்தான் முதல் தடவையாக என்னிடம் சொன்னாள்.

நாம் வேலை செய்யும் இடத்துக்குக் கூட்டிப் போகலாமா?

கூட்டிப் போங்கள். ஆனால் கடைசி நாள் வேண்டாம், இரண்டாம் நாளே. முதல் தடவை நான் செய்த பெரிய தப்பு இதுதான்: மையம் சின்னது, ஓட்டுக் கூரை, சுவரில் காரை பெயர்ந்திருக்கிறது, பார்த்தால் கவலைப்படுவார்கள் என்று மறைத்தேன். கோட்டை, கோயில் என்றே நாள் போய்விட்டது. பஸ் ஏறும்போது அம்மா, "எல்லாம் பாத்தாச்சு, நீ எங்க இருக்கேன்னுதான் பாக்கல" என்றாள்.

ஒருங்கிணைப்பாளரிடம் முன்பே அனுமதி வாங்குங்கள். அப்புறம் பெற்றோரிடம் இரண்டு விஷயம் சொல்லிவையுங்கள். பிள்ளைகளைப் படம் எடுக்கக் கூடாது. "அப்பா என்ன பண்றார்?" என்று எந்தப் பிள்ளையையும் கேட்கக் கூடாது. நான் இரண்டாவதைச் சொல்ல மறந்துவிட்டேன். அம்மா வழக்கம்போல ஒரு பெண்ணைத் தலையைத் தடவிக் கேட்டாள். அது பென்சிலைத் திருகிக்கொண்டே இருந்தது, பதில் வரவில்லை. இனிப்பு வாங்குவதாக இருந்தால் தலையை எண்ணி, நாலைந்து கூடுதலாக வாங்குங்கள். தம்பி தங்கையும் கூடவே வரும்.

எங்கள் மையத் தெருவில் பாதி வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். பிள்ளைகள் உள்ளே படிக்க, தாய்மார்கள் திண்ணையில் மடியில் முறத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். அம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா சொல்லிக்கொடுத்தார்: நனைத்த இலையை அளவு வைத்துக் கத்தரியால் வெட்டி, நடுவில் தூளைப் பரப்பி, கட்டைவிரலால் உருட்டி, வாயை மடக்கி, நூலால் ஒரு சுற்று. அவர் பேசிக்கொண்டே பத்து முடிக்கும் நேரத்தில் அம்மா ஒன்று சுற்றினாள், அதுவும் நூலை விட்டதும் தாமரை மொட்டு மாதிரி விரிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கதம்பம் கட்டுகிற கை அது. "எத்தினி வருசமா சுத்துறீங்க?" "எட்டு வயசுல உக்காந்தது." கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. ஆயிரம் என்ற எண்ணைக் கேட்டதும் அம்மா கையிலிருந்ததை மெதுவாக முறத்திலேயே வைத்துவிட்டாள்.

உள்ளே அப்பாவின் நிலைமை வேறு. கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர். ஏழாம் வகுப்புப் பையன்கள் தனிவட்டியில் திணறுவதைப் பார்த்து, சாக்பீஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "ஒரு மாடு வாங்க உங்கம்மா கடன் வாங்குறாங்கன்னு வச்சுக்க" என்று ஆரம்பித்தவர் எட்டு மணி வரை விடவில்லை. மறுநாள் ஏலகிரி போவதாக இருந்தது. "அது எங்கயும் போயிடாது. பாதிக் கணக்கு மிச்சம் இருக்கு" என்றார்.

சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் என்ன சொல்வது?

சம்பளம் இல்லை, உதவித்தொகை இவ்வளவு என்று தொகையைச் சொல்லிவிடுங்கள். "சேவை", "அனுபவம்" என்று ஆரம்பித்தால் சந்தேகம்தான் வலுக்கும். அறை வாடகைப் பங்கு, சாப்பாடு, பஸ், போன் ரீசார்ஜ், மிச்சம் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அப்பா கூட்டலைச் சரிபார்த்தார், மிச்சத்தின் கீழே இரண்டு கோடு போட்டார், தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஊரில் மாமா கேட்டால் காட்டுவதற்காம். ஒரு வருடம் முடிந்தபின் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதற்கும் ஏதாவது ஒரு பதில் வைத்திருங்கள். உறுதியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

அசைவம் சாப்பிடுபவர்கள் என்றால் ஒரு வேளை ஆம்பூர் பிரியாணி. சீரகச் சம்பா அரிசி, கூடவே கத்தரிக்காயும் தயிர்ப் பச்சடியும். ஆம்பூருக்கே போய்ச் சாப்பிட வேண்டும் என்று தம்பி அடம்பிடித்தான், போனோம், தப்பில்லை. ஆற்காடு பக்கம் போனால் மக்கன் பேடா. பார்க்கப் பெரிய குலோப் ஜாமூன் மாதிரி இருக்கும், உள்ளே முந்திரி, பாதாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் முன்னால் வாங்காதீர்கள்.

ஆனால் அம்மாவை அசத்தியது கேழ்வரகுக் களி. மையத்துப் பக்கத்து வீட்டில் கூப்பிட்டு உட்கார வைத்து, களி உருண்டையில் குழி பறித்து மொச்சைக்கொட்டைக் குழம்பு ஊற்றிக் கொடுத்தார்கள். மென்றால் தொண்டையில் ஒட்டும், மெல்லாமல் விழுங்கவேண்டும். மூன்று வேளையும் அரிசி சாப்பிடும் எங்கள் ஊர் ஆட்களுக்கு அது புதுப் பாடம்.

இந்த ஊர்ப் பேச்சு அவர்களுக்குப் புரியுமா?

தமிழ்தானே என்று நினைப்போம், முதல் நாள் கொஞ்சம் தடுக்கும். "இன்னாமா, பொண்ணாண்ட வந்தியா?" என்று ஒரு பாட்டி அன்பாகக் கேட்டதை அம்மா அதட்டல் என்று நினைத்துக்கொண்டாள். "கீது", "இட்டுகினு" எல்லாம் ஒரு நாளில் பழகிவிடும். வேர்க்கடலையை மல்லாட்டை என்பார்கள். அவித்த மல்லாட்டை ஒரு படி வாங்கிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும். அப்பா இன்னும் விலாசத்தில் வடஆற்காடு மாவட்டம் என்றே எழுதுகிறார். அது 1989-ல் பிரிந்து, மிச்சமிருந்த வேலூரும் 2019-ல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகிவிட்டது. கடிதம் என்னவோ வந்து சேர்ந்துவிடுகிறது.

ஊருக்கு வெளியே ஒரே ஒரு இடம் என்றால்?

ஏலகிரி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 14 கொண்டை ஊசி வளைவு, மேலே போனால் குளுமை. வாந்தி வருபவர்கள் இருந்தால் யோசியுங்கள். சோளிங்கர் நரசிம்மருக்கு 1,305 படி, 2024-லிருந்து ரோப் கார் ஓடுவதால் இப்போது பெரியவர்களும் தைரியமாகப் போகலாம்.

என்னைக் கேட்டால் விரிஞ்சிபுரம். பெங்களூரு சாலையில் பக்கத்திலேயே இருக்கிறது, கூட்டம் இல்லை. மார்க்கபந்தீஸ்வரர் கோயில், வழித்துணைநாதர் என்றும் பெயர். இந்தப் பக்கத்தில் "விரிஞ்சிபுரம் மதிலழகு" என்பார்கள். அதை அப்பாவிடம் சொன்னதுதான் தாமதம், சண்டைக்கு வந்துவிட்டார். "திருவாரூர் தேரழகு, மன்னார்குடி மதிலழகு. சின்ன வயசுலேர்ந்து கேக்குறேன். இவங்க எப்ப எடுத்துக்கிட்டாங்க?" வெளிச்சுற்று முழுக்க நடந்தார். மதிலோடு நின்று கையை உயர்த்தி அளந்தார், கல் இடுக்கில் நகத்தை விட்டுப் பார்த்தார். சுற்றி முடித்து வந்து, "உசரம் சரிதான்" என்று மட்டும் சொன்னார். உள்ளே நேரம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது. பள்ளத்தில் குச்சியை வைத்தால் நிழல் விழும் இடத்தில் மணி தெரியும். ஒரு ஈர்க்குச்சியைத் தேடி எடுத்து வைத்து, தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு, நேரம் சரியாக இருந்ததில் இன்னும் கொஞ்சம் இறங்கி வந்தார்.

ஜெயிலைப் பார்க்க வேண்டும் என்கிறார்களே?

தொரப்பாடியில் இருக்கிறது, பாகாயம் போகும் பஸ்ஸிலிருந்து மதிலைப் பார்க்கலாம், அவ்வளவுதான். அதுவே அவர்களுக்குப் போதும், ஊரில் போய்ச் சொல்ல வேண்டும் இல்லையா.

என்ன வாங்கிக் கொடுத்து அனுப்புவது?

அப்பாவுக்குக் குடியாத்தம் கைத்தறி லுங்கி. அம்மாவுக்குப் புடவை எடுக்கப் போய் விலையைப் பார்த்துத் திரும்பி வருவதைவிட, நேதாஜி மார்க்கெட்டில் முள்ளு கத்தரிக்காய் வாங்கிக் கொடுங்கள். அணைக்கட்டு வட்டத்து இலவம்பாடிப் பக்கம் விளைவது, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. காம்பில் முள் இருக்கும், பார்த்துப் பிடிக்க வேண்டும். எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு இதற்கு மிஞ்சி ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக் பையில் கட்டினால் வேர்த்து அழுகிவிடும், துணிப்பையில் போடுங்கள், பஸ்ஸில் காலடியில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நாலு கிலோ போனது. அம்மா தெரு முழுக்கக் கொடுத்திருக்கிறாள். எதிர்வீட்டு அத்தை வாங்கிக்கொண்டே, "வேலூருக்கா போயிருந்தீங்க? யாருக்கு என்ன?" என்று கேட்டாளாம். அப்பா திண்ணையிலிருந்து, "கத்தரிக்கா வாங்கப் போனோம்" என்றாராம்.